மாரிக்குச் சைக்கிள் ஓடப்போகிறீர்களா, முதலில் பிறேக்கைப் பாருங்கள்

கிளிநொச்சிக்கு மாற்றலாகி வந்த ஒரு ரீச்சர், ஐப்பசியின் முதல் மழையன்று என்னிடம் கேட்டார்: "அண்ணா, இந்த மழைக்குள்ள இஞ்ச ஆக்கள் எப்பிடிச் சைக்கிள் ஓடுகினம்?" "நனைஞ்சுகொண்டுதான் ரீச்சர்" என்று பகிடியாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மூன்றாம் நாள் பார்த்தால் முழங்காலில் பிளாஸ்ரரோடு பள்ளிக்கூட வாசலில் நிற்கிறார். அந்த அரைகுறைப் பதிலுக்குப் பிராயச்சித்தமாகத்தான் இதை எழுதுகிறேன். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்று களைத்துச் சைக்கிளுக்குத் திரும்பி, கோடையில் மட்டும் ஓடிப் பழகிவிட்டு மாரி வந்ததும் சைக்கிளைத் தாழ்வாரத்தில் சாத்தி வைக்கிறவர்களுக்கும் இது உதவும்.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். மாரியில் நனையாமல் சைக்கிள் ஓட முடியாது, அந்த ஆசையை விட்டுவிடுங்கள். நனைந்த உடம்பைத் துடைத்தால் காய்ந்துவிடும். பிடிக்கிற நேரத்தில் நிற்காத சைக்கிளுக்குத்தான் மருந்தில்லை. ஆகவே கீழே இருப்பதில் பாதிக்கு மேல் எப்படி நிற்பது, எங்கே இறங்குவது என்ற கதைதான்.

வன்னி வருடத்தில் பெரும்பகுதி காய்ந்து கிடக்கிற இடம். பெய்கிற மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும், ஆனால் அந்த மூன்று மாதமும் ஒரே மாதிரி மழையில்லை. ஐப்பசியில் காலை வெயில் எறிக்கும், பின்னேரம் இடியோடு கொட்டும். கார்த்திகை போகப் போக வாடைக்காற்றும் அடைமழையும் சேர்ந்து வந்து, நாலைந்து நாள் வெளிச்சமே இல்லாமல் தூறிக்கொண்டிருக்கும், குளங்கள் நிரம்பி வான் பாயத் தொடங்கும். ஐப்பசிக்கு நேரம் பார்த்துப் போனால் சமாளிக்கலாம். மார்கழிக்கு அது சரிவராது, சைக்கிளைத்தான் தயாராக்க வேண்டும்.

மழை தொடங்க முதல்

உங்கள் சைக்கிளின் றிம் இரும்பா அலுமினியமா என்று தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் ஏதாவது காந்தம் கிடந்தால் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் இரும்பு. பளபளவென்று குறோம் பூசின இரும்பு றிம்மும் கம்பிப் பிறேக்கும் உள்ள பழைய 28 அங்குலச் சைக்கிள் நம்மூரில் இன்னும் நிறைய ஓடுகிறது. பாரம் ஏற்ற அதைப்போல ஒன்று இல்லை, நெல்லு மூட்டையும் ஏற்றலாம், இரண்டு பிள்ளைகளையும் ஏற்றலாம். ஆனால் ஈரத்தில் அதன் பிறேக் கிட்டத்தட்ட இல்லாத மாதிரித்தான். வழுவழுப்பான இரும்பில் தண்ணீர் மெல்லிய படலமாக நிற்கும், பிறேக் கட்டை அதன்மேல் வழுக்கிக்கொண்டே போகும், சில்லு இரண்டு மூன்று சுற்றுச் சுற்றித் தண்ணீர் வழிக்கப்பட்ட பிறகுதான் பிடிக்கத் தொடங்கும், அதுவும் சிலவேளை திடீரென்று பிடிக்கும். அலுமினிய றிம் இதைவிட எவ்வளவோ மேல். புதிதாகச் சைக்கிள் வாங்க இருப்பவர்கள், உள்ளூர் லுமாலாவோ இந்தியச் சைக்கிளோ எதுவானாலும் சரி, நிறத்தைப் பார்க்க முதல் றிம்மைப் பாருங்கள்.

இதை நான் சொல்லி நம்ப வேண்டாம். வாகனம் வராத ஒரு ஒழுங்கையில் ஒரு கோட்டைக் கீறி, காய்ந்த றிம்மோடு வந்து அந்தக் கோட்டில் பிறேக்கைப் பிடித்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள் என்று அடியால் அளந்து பாருங்கள். பிறகு இரண்டு சில்லுக்கும் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு அதே வேகத்தில் வந்து பிடித்துப் பாருங்கள். அந்த இரண்டாவது தூரம்தான் மாரி முழுக்க உங்களுடைய தூரம். முன்னால் போகிற வாகனத்துக்கும் உங்களுக்கும் இடையில் எப்போதும் அந்த அளவு இடம் இருக்க வேண்டும்.

பிறேக் கட்டையைக் கழற்றிப் பாருங்கள். கறுப்புக் கண்ணாடி மாதிரி மினுங்கினால் காய்ந்து இறுகிவிட்டது என்று அர்த்தம். தச்சு வேலைக்காரர் பாவிக்கிற மண் கடதாசியில் நாலு தேய் தேய்த்தால் கொஞ்ச நாளுக்கு ஓடும். கோடுகள் தேய்ந்து தட்டையாகியிருந்தால் மாற்றிவிடுங்கள், பெரிய காசில்லை. எங்கள் பக்கத்துச் சைக்கிள் கடை ஐயா ஒருமுறை என்னுடைய கட்டையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, உது பிறேக் கட்டையில்லை, சவுக்காரக் கட்டி." கட்டைக்குள் புதைந்திருக்கிற சின்னக் கல்லுகளை ஊசியால் கிண்டி எடுக்கவும் மறக்க வேண்டாம். மாரியில் கிறவல் ஒழுங்கையால் ஓடினால் அவை கிழமைக்குக் கிழமை சேரும், றிம்மை அரம் மாதிரி அராவும். செயினுக்கு விட்ட ஒயில் றிம்மில் தெறித்திருந்தால் சவுக்காரத் தண்ணீரால் துடையுங்கள், அந்த ஒரு துளி எண்ணெய் புதுக் கட்டையையும் கெடுத்துவிடும்.

முன் பிறேக் எந்தக் கைக்கு என்று உங்களுக்குத் தெரியுமா? நம்மூர்ச் சைக்கிள்களில் பெரும்பாலும் வலக்கை முன் சில்லு, இடக்கை பின் சில்லு. ஆனால் கை மாறிப் பூட்டினவையும் உண்டு, நின்ற இடத்தில் ஒருமுறை பிடித்துப் பாருங்கள். குடை பிடிக்கிறவர்களுக்காகக் கீழே இதற்குத் திரும்பி வருகிறேன்.

ரயர் மொட்டையாகியிருந்தால் மாற்றுங்கள். காற்றைக் கோடையில் அடிக்கிற மாதிரிக் கல்லாக அடிக்காமல் கொஞ்சம் இளக்கமாக விட்டால் ஈரத்தில் பிடிமானம் கூடும், ஏறி இருந்தால் ரயர் இலேசாகப் பிதுங்க வேண்டும், றிம் நிலத்தில் இடிக்கக் கூடாது. மழைக்குப் பஞ்சர் கூடத்தான் வரும், ஈர ரப்பரைக் கண்ணாடித் துண்டும் விளாத்தி முள்ளும் இலகுவாக வெட்டிக்கொண்டு உள்ளே போய்விடும். நடு வழியில் மழைக்குள் நின்று ஒட்டுப் போடுவது கனவு, ஈர ரியூப்பில் ஒட்டு நிற்காது. ஆகவே மாரிக்கு ஒட்டுச் சாமானைவிட ஒரு நல்ல ரியூப்பையே சுருட்டிச் சீற்றுக்குக் கீழே கட்டி வைத்திருங்கள்.

மட்காட் இல்லாத சைக்கிளில் மழைக்குப் போனால் முதுகில் ஒரு சேற்றுக் கோடு விழும், வெள்ளைச் சட்டை போட்டுப் போகும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அது பெரிய அநியாயம். மட்காட் பூட்டுங்கள், முன் மட்காட்டின் நுனியில் பழைய ரயர் ரியூப்பில் வெட்டின ஒரு அகலமான துண்டை நிலத்துக்கு ஒரு சாண் உயரம் வரை தொங்க விட்டால் கால் அரைவாசி காய்ந்தபடியே இருக்கும். மன்னார் முருங்கன் பக்கத்தவர்களுக்கு மட்டும் இந்த ஆலோசனை தலைகீழ். அந்தக் கரிய களிமண் நனைந்தால் ரயருக்கும் மட்காட்டுக்கும் இடையில் பிட்டுக் குழலில் மா அடைத்த மாதிரி அடைத்து, சில்லைச் சுற்றவே விடாது. கையில் ஒரு தட்டைத் தடி வைத்திருந்து கிண்டி எடுக்கலாம். அந்தத் துண்டு மண்பாதையைச் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து கடக்கிறவர்களும் உண்டு, அவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.

பெடல் ரப்பர் தேய்ந்து வழுக்கினால் பழைய ரியூப்பை இரண்டு விரல் அகலத்தில் நீளமாக வெட்டி, இறுக்கிச் சுற்றி முடிந்துவிடுங்கள். டைனமோ லைற் வைத்திருப்பவர்கள் ஈரத்தை நம்ப வேண்டாம், டைனமோவின் தலை நனைந்த ரயரில் உருளாமல் வழுக்கும், லைற் தேவைப்படுகிற அதே நேரத்தில் மங்கிவிடும். பற்றரியில் எரிகிற ஒரு சின்ன வெள்ளை லைற் முன்னுக்கு, சிவப்பு ஒன்று பின்னுக்கு. காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால் பின்னுக்குப் போடுங்கள். முன்னால் இருக்கிற குழியை மெதுவாகப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், பின்னால் வருகிற லொறிக்கு உங்களைக் காட்ட வேறு வழியில்லை. லைற் இல்லாமல் இரவில் ஓடினால் பொலிஸ் மறிக்கும் என்பது வேறு விடயம்.

என்ன உடுப்பது

குடை வேண்டாம். இதை எழுதும்போதே என் மாமி ஒரு கையில் குடையும் மறு கையில் ஹான்டிலுமாக முப்பது வருடம் சந்தைக்குப் போய்வந்தது ஞாபகம் வருகிறது, ஆனாலும் வேண்டாம். ஒரு கை குடைக்குப் போனால் ஒரு பிறேக்தான் மிச்சம். குடையை இடக்கையில் பிடித்தால் மிஞ்சுவது பெரும்பாலும் முன் பிறேக், அதை மட்டும் ஈரத் தாரில் சடாரென்று பிடித்தால் முன் சில்லு வழுக்கும், வழுக்கின முன் சில்லைத் திருப்பி எடுப்பது சர்க்கஸ்காரருக்கும் கஷ்டம். அதோடு வாடைக்காற்று குடைக்குள் புகுந்தால் அது குடையில்லை, பாய்மரம்.

மோட்டார் சைக்கிள்காரர் போடுகிற இரண்டு துண்டு மழைக்கோட்டு மழையைத் தடுக்கும், ஆனால் நீங்கள் பெடல் மிதிக்கிறவர், அரை மணித்தியாலத்தில் உள்ளே வேர்வையில் நனைந்துவிடுவீர்கள். எனக்குப் பிடித்தது கீழே திறந்திருக்கிற, தலைப்பாகத்தோடு சேர்ந்த தொங்கு மழைக்கோட்டு. முன் நுனியை ஹான்டிலுக்கு மேலால் விட்டால் கையும் தொடையும் மூடும், உள்ளே காற்று ஓடும். பின் நுனியை மட்டும் இடுப்பில் ஒரு கயிற்றால் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பின் சில்லின் கம்பிக்குள் போகும். சால்வை, சேலைத் தலைப்பு, தாவணி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். வயலுக்குப் போகிறவர்கள் உரப்பையின் ஒரு மூலையை மறு மூலைக்குள் தள்ளித் தலையில் கவிழ்த்துக்கொண்டு போவார்களே, குறுந்தூரத்துக்கு அதைப்போல மலிவானதும் நல்லதும் இல்லை. எதைப் போட்டாலும் நிறம் பிரகாசமாக இருக்கட்டும். மாரிப் பின்னேரத்தில் கறுப்பும் கடும் நீலமும் வீதியோடு கரைந்துவிடும், மஞ்சள் தெரியும்.

ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் பாறாங்கல், தொடையையும் உரசிப் புண்ணாக்கும். மெல்லிய கட்டைக் காற்சட்டையில் போய், கந்தோரிலோ பள்ளிக்கூடத்திலோ மாற்றுவது நல்லது. மாற்று உடுப்பு, ஒரு துவாய், போன், பேர்ஸ் எல்லாவற்றையும் சொப்பிங் பைக்குள் சுற்றி, இன்னொரு சொப்பிங் பைக்குள் வாய் கீழ்நோக்கியிருக்கப் போட்டுக் கரியரில் கட்டுங்கள். ஒற்றைப் பை எப்படியும் ஒழுகும். காலுக்கு விரலிடை ரப்பர்ச் செருப்பு ஈரப் பெடலில் கழன்றுபோகும், பின்னால் வார் வைத்த செருப்புத்தான் சரி. சப்பாத்துப் போடுகிறவர்கள் அதையும் பையில் வையுங்கள்.

வீதியில்

முதல் பத்து நிமிட மழைதான் ஆகக் கெட்டது. நாள்கணக்காகக் காய்ந்து கிடந்த தாரில் தூசியும் வாகன எண்ணெயும் படிந்திருக்கும், மழை விழுந்ததும் அவை குழைந்து சவுக்கார நுரை மாதிரி ஆகிவிடும். அடித்துப் பெய்து கழுவின பிறகு வீதி ஓரளவு நம்பத்தக்கதாகும். மழை தொடங்கியவுடன் வீட்டுக்கு ஓடிப்போய்விடலாம் என்று மிதிப்பதுதான் எல்லோரும் செய்கிற வேலை, நானும் செய்திருக்கிறேன். கால் மணித்தியாலம் ஒரு கடைத் தாழ்வாரத்தில் ஒரு பிளேன்ரீயோடு நில்லுங்கள். முறிகண்டிப் பக்கம் அகப்பட்டால் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுக் கச்சான் வாங்கிக் கொறித்துக்கொண்டு நிற்கலாம், அதற்கு மழையே தேவையில்லை.

காலபோக விதைப்பும் மழையும் ஒரே நேரத்தில் வருவதால் நம்மூர் வீதிகளுக்கென்று ஒரு தனி ஆபத்து உண்டு. உழுதுவிட்டு வயலிலிருந்து ஏறுகிற உழவு மெசின் சில்லில் ஒட்டிவந்த களியைத் தார் வீதியில் உதிர்த்துக்கொண்டு போகும், அதன்மேல் தூறல் விழுந்தால் வெண்ணெய். விசுவமடுவுக்குக் கிட்ட இப்படி ஒரு இடத்தில் நான் விழுந்து தோள்மூட்டு விலகி ஒன்றரை மாதம் கையைக் கட்டிக்கொண்டு திரிந்தேன். வேகமாகக்கூட வரவில்லை, களியைக் கண்டதும் பயத்தில் முன் பிறேக்கைப் பிடித்ததுதான் பிழை. களி, சாணி, ஈரக் காவோலை, வீதியில் காயப் போட்ட நெல்லின் மிச்சம், மஞ்சள் கோட்டுக் கடவை, பாலத்து இரும்புத் தகடு, எல்லாவற்றுக்கும் ஒரே விதிதான்: வர முதலே வேகத்தைக் குறையுங்கள், அதன்மேல் ஏறின பிறகு பிறேக்கும் பிடியாதீர்கள், ஹான்டிலும் திருப்பாதீர்கள், மிதிக்காமல் நேராக உருண்டு போய்விடுங்கள்.

பிறேக் பிடிக்கிற முறையும் மாறுகிறது. சந்தி வர நூறு அடி இருக்கும்போதே இரண்டு பிறேக்கையும் மெல்ல உரசுகிற அளவுக்குப் பிடித்துக்கொண்டு வாருங்கள், அது நிற்பதற்கு இல்லை, றிம்மிலுள்ள தண்ணீரை வழிப்பதற்கு. பிறகு பின் பிறேக்கை முதலும் முன் பிறேக்கை அதோடு சேர்த்து மெதுவாகவும் இறுக்குங்கள். வளைவுக்குள் நுழைய முதலே பிறேக் வேலை முடிந்துவிட வேண்டும், சைக்கிள் சரிந்திருக்கும்போது பிடித்தால் சில்லு வெளியே போகும். சரிந்து திரும்பவும் வேண்டாம், அகலமாக, நிமிர்ந்து திரும்புங்கள். பாரமோ பிள்ளையோ பின்னால் இருந்தால் எல்லாத் தூரத்தையும் இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்.

தண்ணீர் நிற்கிற குழியின் ஆழம் மேலே தெரியாது. பின்னால் வாகனம் இல்லையென்றால் சுற்றிப் போங்கள், இருந்தால் நின்று, அதைப் போகவிட்டுப் பிறகு போங்கள். வீதியின் ஆக இடது கரையில் ஓடுவதுதான் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் மாரியில் அந்தக் கரைதான் அரித்துப் போயிருக்கும், கல்லும் முள்ளும் கண்ணாடியும் அங்கேதான் ஒதுங்கும். கரையிலிருந்து இரண்டு மூன்று அடி உள்ளே, நேராக, ஆட்டமில்லாமல் ஓடுங்கள். கரையில் ஒளித்து ஓடி, குழியைக் கண்டதும் திடீரென்று உள்ளே வெட்டுவதைவிட அது எவ்வளவோ மேல்.

ரயில் தண்டவாளம் பற்றி ஒரு வார்த்தை. 1990இல் நின்ற ரயில் 2013 செப்டெம்பரில்தான் கிளிநொச்சிக்குத் திரும்ப வந்தது. இடையில் ஒரு தலைமுறை தண்டவாளமே காணாமல் சைக்கிள் ஓடிப் பழகிவிட்டது. ஈரத் தண்டவாளத்தைச் சரிவாகக் கடந்தால் சில்லு இரும்பில் வழுக்கும் அல்லது இடைவெளிக்குள் இறங்கும், நேர்க் குறுக்காகக் கடக்க வேண்டும், இடமில்லையென்றால் இறங்கி உருட்டுங்கள். காவலாளியோ கதவோ இல்லாத கடவைகளில் மழைக்கோட்டின் தலைப்பாகத்தைக் கழற்றிவிட்டு, நின்று, இரண்டு பக்கமும் பாருங்கள். பொலித்தீனில் மழை அடிக்கிற சத்தத்தில் ரயில் கேட்காது.

வாடைக்காற்றும் பஸ்சும்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எவரும் சொல்லித் தருவதில்லை. பரந்தனிலிருந்து ஆனையிறவுப் பக்கம் போகிறீர்கள் என்று வையுங்கள். வெட்டவெளி, இரண்டு பக்கமும் தண்ணீர், மறைப்புக்கு ஒரு பனை கூட இல்லாத இடங்கள் உண்டு. வடகிழக்கிலிருந்து வருகிற வாடை உங்கள் வலது பக்கத்தில் அடிக்கும். விழாமல் இருக்க நீங்கள் அறியாமலே வலது பக்கம் சாய்ந்து ஓடுகிறீர்கள். அப்போது வலது பக்கத்தால் ஒரு பஸ் உங்களை முந்துகிறது. பஸ் பக்கத்தில் வந்த கணத்தில் காற்று மறைபட்டுப்போகும், ஆனால் உங்கள் சாய்வு அப்படியே இருக்கும், சைக்கிள் பஸ்சை நோக்கி இழுபடும். பஸ் கடந்ததும் காற்று திரும்ப அடித்து இடப்பக்கம் தள்ளும். பஸ் நம்மை உறிஞ்சி இழுத்தது என்று சொல்வார்கள், பெரும்பகுதி நம்முடைய சாய்வுதான்.

பின்னால் பெரிய வாகனத்தின் இரைச்சல் கேட்டவுடனேயே வேகத்தைக் குறைத்து, முழங்கையை இளக்கி, உடம்பைத் தாழ்த்தி, இடப்பக்கம் ஒரு அடி கூடுதலாக விட்டுக்கொள்ளுங்கள், காற்று விடுபடும், திரும்ப வரும் என்று எதிர்பார்த்திருங்கள். இரண்டையும் எதிர்பார்த்தவர் ஆடமாட்டார். காற்று மிஞ்சினால் இறங்கி உருட்டுங்கள், சைக்கிளைக் காற்று வருகிற பக்கத்தில் விட்டு நீங்கள் மற்றப் பக்கம் நில்லாதீர்கள், அது உங்கள்மேல் சாயும். பூநகரியிலிருந்து சங்குப்பிட்டிப் பாலத்தால் போகிறவர்களுக்கும் இதே அலுப்பு உண்டு, பாலத்தின் நடுவில் தொப்பி பறந்தால் பறந்ததுதான்.

வான் பாய்கிற இடத்தில்

2018 மார்கழியில் ஒரே இரவில் பெய்த மழைக்கு இரணைமடுவின் வான் கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கமெல்லாம் விடியும்போது வெள்ளக்காடாகக் கிடந்தது. நேற்றுப் போன வீதி இன்றைக்கு இருக்கும் என்று மாரியில் சொல்ல முடியாது. குளத்துக்குக் கீழே, வெள்ளம் மேலால் பாய விட்டுத் தாழ்வாகக் கட்டின தாம்போதிகளில், முல்லைத்தீவின் வட்டுவாகல் பாலம் மாதிரித் தாழ்ந்த ஒடுக்கமான இடங்களில் தண்ணீர் மேவிப் பாயும்போது மூன்று கேள்வி கேளுங்கள். தண்ணீர் ஓடுகிறதா, நிற்கிறதா? வீதியின் இரண்டு கரையும் தெரிகிறதா? கணுக்காலுக்கு மேலேயா? ஓடுகிறது, கரை தெரியவில்லை, கணுக்காலுக்கு மேலே என்ற மூன்றில் எது வந்தாலும் திரும்புங்கள். ஓடுகிற தண்ணீர் அரை அடியே ஆளை விழுத்தும், சைக்கிளின் சில்லு அந்த ஓட்டத்துக்கு ஒரு மறிப்பு மாதிரி நின்று இன்னும் இழுக்கும். "டிராக்டர் போகுதுதானே" என்று கரையில் நிற்கிறவர்கள் உசுப்பேற்றுவார்கள். டிராக்டர் எத்தனை கிலோ, நீங்கள் எத்தனை கிலோ?

நிற்கிற தண்ணீர், ஆழமில்லை, கரை தெரிகிறது என்றால் இறங்கி உருட்டிக்கொண்டு போங்கள். எப்படியோ சில்லின் அச்சுக்கு மேலே தண்ணீர் போய்விட்டால் உள்ளிருக்கிற கிறீஸ் கழுவுப்பட்டுவிடும், அந்தக் கிழமைக்குள் கடையில் கொடுத்துக் கழற்றிப் பூட்ட வேண்டும்.

வெள்ளம் மறித்தால் குறுக்கு வழி தேடிப் பற்றைக்குள் இறங்காதீர்கள். இதை வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு அழுத்திச் சொல்கிறேன். மிதிவெடி அகற்றி முடியாத நிலம் வன்னியில் இன்னும் இருக்கிறது, முகமாலைப் பக்கம் இன்றைக்கும் சிவப்புப் பலகை நிற்கும், அகற்றின இடத்திலும் வெள்ளம் மண்ணை அரித்து எதையாவது வெளியே காட்டலாம். சனம் தினமும் நடக்கிற பாதையைவிட்டு விலக வேண்டாம். ஏதாவது கண்ணில் பட்டால் தொடாமல், வந்த வழியே திரும்பிப் பொலிசின் 119க்குச் சொல்லுங்கள். வெள்ளத்தில் அகப்பட்டால் இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117, விழுந்து அடிபட்டால் அம்புலன்சுக்கு 1990. மூன்றையும் போனில் இப்போதே போட்டு வையுங்கள்.

இடி பற்றிச் சுருக்கமாக: மின்னலுக்கும் இடிக்கும் இடையில் எண்ணிப் பாருங்கள், மூன்று எண்ணினால் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர். முப்பதுக்குள் வந்துவிட்டால் வயல்வெளி வீதியில் நீங்கள்தான் உயரமான பொருள், கட்டடத்துக்குள் போங்கள். தனி மரத்தின் கீழ் ஒதுங்காதீர்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணித்தியாலம் பொறுங்கள்.

பொழுது பட்டால் வேறொரு உலகம். மழைவிட்ட இரவில் இளஞ்சூட்டுத் தாரில் மாடுகள் படுத்திருக்கும், கறுத்த எருமையை ஈர வீதியில் நாலடிக்கு முன்தான் காண்பீர்கள். புடையன் பாம்பும் அந்தச் சூட்டுக்கு வரும், கயிறு மாதிரிக் கிடப்பதன்மேல் ஏற்றிவிடாதீர்கள். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் போகிறவர்கள் யானைக்காக நேரத்தோடு வீடு போய்ச் சேர்கிறார்கள், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதலில் உங்களைப் பாருங்கள். காலை விரலிடுக்குவரை சவுக்காரம் போட்டுக் கழுவித் துடையுங்கள், சேற்றுப்புண் வந்தால் இரண்டு கிழமைக்குச் செருப்பே போட முடியாது. காலில் வெட்டுக்காயம் இருந்தால் வெள்ளத்தில் இறங்கவே வேண்டாம். எலியின் சலம் கலந்த தண்ணீரால்தான் எலிக்காய்ச்சல் தொற்றுகிறது, 2024 மார்கழியில் யாழ்ப்பாணத்தில் உயிர்களைக் கொண்டுபோனது அதுதான். வயல் தண்ணீரில் இறங்குகிறவர்களுக்குத் தடுப்பு மருந்து உண்டு, உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேளுங்கள், மருந்துக் கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். வெள்ளத்தில் நடந்து ஒன்றிரண்டு கிழமைக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய், வெள்ளத்தில் இறங்கினேன் என்பதையும் வாயைத் திறந்து சொல்லுங்கள்.

பிறகு சைக்கிள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒரு வாளித் தண்ணீரால் சேற்றைக் கழுவுங்கள், குழாயால் பீய்ச்சி அடித்தால் அச்சுக்குள் மண் போகும். பழைய சாரத் துண்டால் செயினைத் துடைத்துக் கொஞ்ச நேரம் காயவிட்டு, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டுத் தையல் மெசின் ஒயில் விட்டு, பெடலை இருபது தரம் சுற்றி, மிஞ்சினதைத் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் விட்ட ஒயில் அடுத்த நாள் மண்ணைப் பிடித்து அரைக்கும். சமையல் எண்ணெய் போடுகிறவர்கள் உண்டு, அது கொஞ்ச நாளில் பிசின் மாதிரி ஆகிவிடும். கிழமைக்கு ஒருமுறை மண்ணெண்ணெயில் தோய்த்த துணியால் துடைத்துவிட்டு ஒயில் விட்டால் போதும், தைப் பொங்கலுக்கும் செயின் கத்தாது.

கடைசியாகச் சீற். இரவு தாழ்வாரத்தில் விட்டாலும் சாரல் அடிக்கும், காலையில் ஈரச் சீற்றில் இருந்து எழும்பினால் பின்பக்கம் ஒரு வட்டம். ஒரு சொப்பிங் பையைக் கவிழ்த்துக் கட்டிவிடுங்கள். காலையில் அதைக் கழற்ற மறக்கிறவர்கள் நிறையப் பேர், ரீச்சரும்தான்.